சில்லு வரைவிற் தொகுப்புத் தெரிவுகள்

ஓசூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவர் மயிரிழையளவு பிழைத்தாற் கெடுவது ஓர் இரும்புத் துண்டே. அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கடைந்துகொள்வர். அவ்வூரினின்று ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூரில், 1985-ஆம் ஆண்டு டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிலையம் தோன்றியதுமுதல் வளர்ந்துவரும் சில்லு வரைவுத் தொழிலோ வேறியல்பினது. வார்த்தெடுத்த சில்லைத் திருத்த அரமுமில்லை, உளியுமில்லை. ஆதலின், வார்ப்பிற்கு முன் செய்யவேண்டுவனவற்றுள் ஒன்றாகிய தொகுப்புத் தெரிவுகளை அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

இக்காலத்துச் சில்லு வரைபவர் பெரும்பாலும் கோடுகளால் வரைவதில்லை, எழுத்தால் எழுதுகின்றனர். அவ்வெழுத்தைச் சுற்றமைப்பை நோக்கி மாற்றித்தரும் மென்பொருளே தொகுப்பி. மூலம் ஒன்றேயாயினும், நாம் இடும் தெரிவுகளுக்கேற்பப் பிறக்கும் பொறி வேறுபடும். ஒரே மாவினின்று இட்டிலியும் தோசையும் ஆதல்போல என்க.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே தக்க சான்றுளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி முதலியோர் ஆக்கிய 'சக்தி' என்னும் செயலியின் மூலம் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பெற்றுளது. அது புளூஸ்பெக் மொழியில் எழுதப்பெற்றது. அதன் தொகுப்பி அதனை வெரிலாக் மொழிக்கு மாற்றும். அச்செயலியின் 'சி' வகுப்பைச் சார்ந்த சில்லுகள் 2018-இல் இருவேறிடங்களில் வார்க்கப்பெற்றன. ரைஸ்கிரீக் என்பது இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் முறையிலும், ரிமோ என்பது மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் முறையிலும் உருவாயின.

இவ்வகுப்பின் தெரிவுகள் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதப்பெறும். அவற்றுள் தலையாயவை நான்கு.

முதலாவது, இலக்கு. கணினியிற் பாவனையாக ஓட்டுதற்கோ, எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் இடுதற்கோ, சில்லாக வார்த்தற்கோ என்பதை முதலிற் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, கட்டளைத் தொகுதி. 'எம்' என்னும் எழுத்துப் பெருக்கலையும் வகுத்தலையும், 'எஃப்', 'டி' என்பன பின்ன எண் கணக்கையும் சுட்டும். 'எம்' இன்றிச் செயலியை அமைத்துவிட்டு, அஃது உளதெனக் கொண்டு நிரலைத் தொகுத்தால், முதற் பெருக்கற் கட்டளையிலேயே செயலி அதனை ஏலாது இடைமறித்து நிற்கும். செயலியின் தெரிவும் நிரலின் தெரிவும் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, சோதனைக் கூற்றும் ஓட்டப் பதிவும். 'இவ்வரிசை நிரம்பியபின் மேலும் இடலாகாது' என்பதுபோன்ற விதிகளை மூலத்தினுள் எழுதிவைத்தால், அவை மீறப்படும்போது பாவனை அறிவிக்கும். பதிவோ, செயலி முடித்த கட்டளைகளை வரிசையாக எழுதிக் காட்டும். அதனை 'ஸ்பைக்' என்னும் மாதிரிப்பொறியின் பதிவோடு ஒப்பிட்டால் முதற் பிறழ்ச்சி எங்கென்பது புலனாகும்.

நான்காவது, எச்சரிக்கைகளை அடக்குதல். மாணவர் மிகவும் விழிப்பாயிருக்கவேண்டுவது இதன்கண்ணேயாம். 32 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் இட்டால், வெரிலாக் இலக்கணப்படி அது பிழையன்று. மேற்பாதி ஓசையின்றி உதிரும். எச்சரிக்கை ஒன்றே அதனைக் காட்டவல்லது. திரை தூய்மையாயிருத்தல் கருதி அதனை அடக்குவது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதை ஒக்கும்.

இனி முடிவாக ஒன்று கூறுவாம். சோதனைக்கு ஒரு தெரிவும் வார்ப்பிற்கு வேறொரு தெரிவும் கொள்ளுதல் பலகால் வேண்டியதே. ஆயினும், சோதித்த பொறி ஒன்று, வார்த்த பொறி ஒன்று என்னும் இழப்பு நேரலாகாது. ஆதலின், ஒவ்வோர் ஓட்டத்தின் அமைப்புக் கோப்பையும் மூலத்தோடு சேர்த்துப் பாதுகாத்தலும், வார்ப்பிற்குரிய தெரிவுகளோடே சோதனையை மீளவும் நிகழ்த்தலும் செய்யத்தக்கன. கடைசற் பட்டறையிலாயினும் வரைவுக்கூடத்திலாயினும், அளந்ததையே அறுப்பவர்க்குப் பொருளும் உழைப்பும் வீணாகா.