சில்கோசா மரத்தை அறிவோம்

மும்பையின் உலர்பழக் கடைகளில் நாம் காணும் சில்கோசா, ஒரு பைன் மரத்தின் விதையாகும். நம் நாட்டில் அம்மரம் பெரிதும் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மலைகளில், ஏறத்தாழ 1,800 முதல் 3,300 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. அதனை எவ்வாறு இனங்காண்பது?

முதலில் பட்டையை நோக்குவோம். தாழ்ந்த மலைகளில் வளரும் சீர் பைனின் பட்டை தடித்து, ஆழமாக வெடித்திருக்கும். சில்கோசாவின் மெல்லிய பட்டையோ செதில்களாக உதிர்ந்து, சாம்பலும் பச்சையும் கலந்த திட்டுகளைக் காட்டும். இளங்கிளைகள் வழவழப்பானவை, ஊசியிலைகள் மும்மூன்றாக அமைந்திருக்கும். நீலப் பைனுக்கு அவை ஐவைந்து. அதன் கூம்பு நீண்டு, மெலிந்து தொங்கும். சில்கோசாவின் கூம்பு பருத்தது.

கூம்பு முதிர இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். ஆகவே கிளையோடு ஒடித்துப் பறித்தால் அடுத்த ஆண்டின் இளங்கூம்பும் அழியும். விதை முழுவதையும் எடுத்துவிட்டால் புதிய கன்று முளைக்காது. முதலைச் செலவிட்டால் வட்டி இல்லை என்பதை நாம் அறிவோம். கானகத்துக்கும் அதுவே கணக்கு.