நாய்க்குட்டி வந்தால் கூச்சம் போய்விடுமா?

கேள்வி: எட்டு வயது மகள் யாரோடும் ஒட்டமாட்டாள். நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அக்ரகாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. மாமியார் மடி பார்ப்பவர். வாங்கலாமா?
- ஒரு வாசகி, வலியசாலை, திருவனந்தபுரம்

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். 1960-களில் அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன்னிடம் பேசாத சிறுவன் தன் நாயோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து எழுதிய பிறகுதான் விலங்குத் துணையோடு சிகிச்சை தரும் துறையே சூடுபிடித்தது. ஆனால் அந்தச் சிகிச்சை அறையில் நாய் மட்டும் இல்லை, லெவின்சனும் இருந்தார். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 5,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் விவரங்களை அலசி ராண்ட் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வருமானம், வீட்டு வசதி போன்ற வேறுபாடுகளைக் கழித்ததும், நாய் பூனையால் வந்ததாகத் தெரிந்த நன்மை மறைந்துபோனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,646 குடும்பங்களிடம் நடந்து 2020-ல் வந்த ஆய்வோ, நாயுள்ள வீட்டுச் சிறு குழந்தைகளுக்கு உணர்வு, பழகுதல் சார்ந்த சிக்கல்கள் மொத்தத்தில் குறைவு என்றது; நாயைக் கூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு நடக்கப் போகும் குழந்தைகள் இன்னும் மேல். அப்படி நடக்கிற குடும்பம் இயல்பிலேயே நெருக்கமானதாக இருக்கலாம், மறுக்கவில்லை. என்றாலும் நாய் வீட்டில் இருப்பதைவிட, அதோடு பெரியவர்களும் குழந்தையும் சேர்ந்து செய்வதே பலன் தருகிறது என்பது என் முடிவு.

காரணம் எளிது. நாய்க்கு வாய்ப்பேச்சு இல்லை. காதை மடக்கி, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'போதும், விடு' என்று அர்த்தம். கட்டிப்பிடிக்க நீட்டிய கையைக் குழந்தை அந்த நொடியில் பின்னால் இழுத்துக்கொண்டால், அடுத்தவர் மனதைப் படிக்கப் பழகுகிறாள். ஆனால் அந்தக் குறியைப் பக்கத்தில் இருந்து காட்டித் தர ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சுவது கடிதான்.

வெறிநாய்க்கடி பயம் நியாயமானது. உலகில் வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாய்க்குத் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் கட்டாயம். சின்னக் கீறலானாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திட்டு விழும், நாயை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் குழந்தைகள் கீறலை மறைக்கிறார்கள். ஆகவே 'சொன்னால் கோபிக்கமாட்டோம்' என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மாமியாரின் மறுப்பை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர் அவர் என்றால் அள்ளுவதும் துடைப்பதும் அவர் தலையில்தான் விழும்; அவர் மனம் ஒப்பாத வீட்டில் நாயும் நிம்மதியாக இருக்காது. அவர் சம்மதித்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் உங்களில் ஒருவர் மகளோடு நாயைக் கூட்டிப்போக முடியுமென்றால் வாங்குங்கள். முடியாதென்றால் இப்போது வேண்டாம். பள்ளியிலும் அவள் யாரோடும் பேசுவதில்லை என்றால், நாய்க்கு முன் குழந்தை உளவியலாளர்.

இடைக்காலத்தில் மீன்தொட்டி போதும். பச்சைக்கிளி யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.