பாசிட்டிவ் என்று தெரிந்த நாளிலிருந்து முதல் மாத்திரைவரை

பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. உறுதியானதும், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பலர் நழுவிப்போவது இந்த இடத்தில்தான். "உடம்புக்கு ஒன்றுமில்லையே, அடுத்த மாதம் போகலாம்" என்று வீட்டுக்குப் போகிறவர், காய்ச்சலும் இருமலுமாகத்தான் திரும்பி வருகிறார்.

தொற்று புதிதாக இருக்கும்போதுதான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். துணைக்குப் பரவும் ஆபத்தும் அப்போதுதான் கூடுதல். நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திருந்த வழக்கத்தை 2015இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு தவறென்று காட்டியது. 2017 முதல் இந்தியாவில் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை உண்டு. சி.டி.4 முடிவு வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடுமானவரை அன்றே ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கிளம்புங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயமிருந்தால் பக்கத்து மாவட்ட மையத்தில் பதியலாம். ஆனால் மாதாமாதம் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரமாக இருக்கட்டும். தொலைவான மையத்தைத் தேர்ந்தவர்களே முதலில் நின்றுபோகிறார்கள். முகவரிச் சான்று கையில் இல்லையென்று பயணத்தை நிறுத்த வேண்டாம்.

அங்கே இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை உண்டா என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். காசநோய் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்க வேண்டும். கடும் தலைவலியோ கழுத்து விறைப்போ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சல் இருக்கும்போது கூட்டு மருந்தைச் சில வாரம் தள்ளித்தான் தருவார்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள், நீங்கள் தயார் என்றால் அன்றே, முதல் மாத்திரை.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் காலையில் பல் துலக்கியதும் போடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். கர்ப்பிணிகள் அவசியம் கவனிக்க வேண்டியது இது: சத்து மாத்திரையை இரவுக்கு மாற்றிவிடுங்கள். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

6 மாதத்தில் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள். கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் துணைக்குப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம்.

சந்தேகம் எதுவானாலும் 1097க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.