பியானோவில் விரல் ஓட மாட்டேங்குதா?

நம்ம ஸ்கூல்ல கீபோர்டு, பியானோ கத்துக்கிறவங்க நிறையப் பேர் இருக்கோம். எல்லாருக்கும் ஒரே புகார்தான். "ஸ்கேல் மெதுவா வாசிச்சா அழகா வருது, வேகமா வாசிச்சா விரல் பின்னிக்குது!" எனக்கும் இப்போ அதே கவலை. ஆண்டு விழாவில் மொஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா (கே. 545) முதல் பகுதியை உங்க எல்லார் முன்னாடியும் வாசிக்கப் போறேன். வீட்ல இருப்பது 61 கட்டை கீபோர்டு. நிஜ பியானோ கிடைப்பது சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான். அதனால வீணடிக்க நேரமே இல்லை. எங்க பியானோ மிஸ் சொல்லிக்கொடுத்து, எனக்கு உண்மையில் பலன் தந்ததை மட்டும் எழுதுறேன்.

1788-இல் மொஸார்ட் இதைத் தன் பட்டியலில் ஆரம்ப மாணவர்களுக்கான சின்ன சொனாட்டா என்றுதான் குறிச்சு வெச்சார். (ஆரம்ப மாணவர்களாம்!) ஐந்தாவது பாரில் வலது கை 'ஏ'-யில் தொடங்கி ஒரு ஆக்டேவ் ஏறி இறங்கும். அடுத்த பார் 'ஜி'-யில், அதற்கடுத்தது 'எஃப்'-இல், அப்புறம் 'ஈ'-யில். எல்லாமே வெள்ளைக் கட்டைகள்.

இப்போ விரலைப் பாருங்க. கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. ஏறும்போது 1-2-3 வாசிச்சதும் கட்டை விரல் அடியில் புகுந்து மறுபடி 1-2-3-4-5. அதாவது எட்டு சுரம் இருந்தாலும் கை இடம் மாறுவது ஒரே ஒரு தடவைதான்! தடுமாற்றமும் பெரும்பாலும் அங்கேதான். 'ஏ'-யில் தொடங்கினா கட்டை விரல் 'டி'-யில் விழும், 'ஜி'-யில் தொடங்கினா 'சி'-யில். இறங்கும்போது தலைகீழ்: கட்டை விரலுக்கு மேலே நடு விரல் தாண்டி வரும். ஆகவே முழு ஸ்கேலை நூறு தடவை ஓட்டுவதைவிட, அந்த இடத்தைச் சுற்றி உள்ள நாலு சுரத்தை மட்டும் பத்து தடவை வாசிப்பது மேல்.

சி மேஜர்தான் சுலபம்னு நாம நினைக்கிறோம் இல்லையா? கண்ணுக்குத்தான் சுலபம், கைக்கு இல்லை. ஷோப்பின் தன் மாணவர்களுக்கு முதலில் பி மேஜர் ஸ்கேலைத்தான் கொடுப்பாராம். அதில் ஐந்து கறுப்புக் கட்டையும் நீளமான விரல்களுக்கு வரும், குட்டையான கட்டை விரலுக்கு வெள்ளைக் கட்டை. கை இயல்பா உட்காரும். வாசிச்சுப் பாருங்க, தெரியும்.

பயிற்சிக்கு வருவோம். முதலில் 1-2-3 விரல்களின் சுரங்களைச் சேர்த்து ஒரே அழுத்து, பிறகு கையை நகர்த்தி அடுத்த ஐந்தையும் சேர்த்து ஒரே அழுத்து. கேட்க நாராசமா இருக்கும், தங்கச்சி காதைப் பொத்திக்குவா, பரவாயில்லை. கை இடத்தை மனப்பாடம் பண்ணிடும். அடுத்து ஒரு சுரம் நீளம், ஒரு சுரம் குட்டை என்று 'டா-ட, டா-ட' போல. பிறகு அதையே மாற்றி 'ட-டா'. இதில் இரண்டு சுரம் மட்டும்தான் வேகமா ஓடும், நீளமான சுரத்தில் மூச்சு வாங்கிக்கலாம்.

பிறகு மெட்ரோனோம். (போனில் இலவசமா கிடைக்கும்.) 60-இல் வைத்து தட்டுக்கு நாலு சுரம், அதாவது நொடிக்கு 4. மூணு தடவை சுத்தமா வந்தால்தான் 64. தடுமாறினா கௌரவம் பார்க்காம கீழே இறங்கணும். என் இலக்கு 120, நொடிக்கு 8 சுரம். இப்போ 104-இல் நிற்கிறேன்.

பாட்டு கிளாஸ் போறவங்க சரளி வரிசையை மூணு காலத்தில் பாடுவீங்க, ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரட்டிப்பு. பியானோவில் 60-இல் இருந்து நேரா 120-க்குத் தாவினா விரல் இறுகிப்போகும். ஆனா மெதுவாவே வாசிச்சிட்டு இருந்தா வேகம் தானா வரும் என்பதும் பாதிதான் உண்மை. மெதுவா வாசிக்கும்போது கட்டை விரலை நிதானமா அடியில் மடக்கலாம். வேகத்தில் அதுக்கு நேரமில்லை, கையே பக்கவாட்டில் சறுக்கணும். அதனால தினமும் நாலே சுரத்தை இலக்கு வேகத்தில் வாசிச்சு நிறுத்துங்க. அப்புறம் ஐந்து, ஆறு.

ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டோ முன்கையோ வலிச்சா அப்பவே நிறுத்திடுங்க. ஷூமன் இளம் வயதிலேயே வலது கை விரல் பாதிக்கப்பட்டு, பியானோ கலைஞராகும் ஆசையையே விட்டார். விரலைப் பழக்க அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தியதும் காரணம்னு சொல்றாங்க. நல்லவேளை, இசையமைக்கக் கை தேவைப்படலை.

கீபோர்டில் பழகுறவங்களுக்கு இன்னொன்று: பியானோ கட்டை கனமா இருக்கும். வீட்டில் 104 வந்தா சனிக்கிழமை எனக்கு 92தான் வருது. அதனால சனிக்கிழமை முதல் பத்து நிமிஷம் ஸ்கேல் மட்டும், மெதுவா, ஒவ்வொரு கட்டையையும் அடிவரைக்கும் அழுத்தி.

இடது கைக்கு விரல் கணக்கு வேற (ஏறும்போது 5-4-3-2-1-3-2-1). அதில் சந்தேகம் இருந்தா மத்தியான இடைவேளையில் 10 'பி'-க்கு வாங்க, டெஸ்க் மேலேயே வாசிச்சுக் காட்டுறேன்.