பிடித்து வைத்த கூலி கூப்பிடும்

வேதபகுதி: யாக்கோபு 5:4, அப்போஸ்தலர் 16:35-39, லூக்கா 19:1-10



"மன்னிச்சாச்சு இல்லையா பிரதர்? அப்புறம் எதுக்கு நியாயம் கேட்டு அலையணும்?" என்று விசுவாசிகள் நடுவிலே அடிக்கடி கேட்கிறோம். இந்தக் கேள்வியை வேத வெளிச்சத்தில் தியானிப்போம்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், நாட்டை விட்டுத் தப்பிப்போக முயன்றவர்களும் அரசை எதிர்த்துப் பேசினவர்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். ஹோஹெனெக் பெண்கள் சிறையில் சகோதரிகள் படுக்கை விரிப்புகள் தைத்தார்கள். கைக்குக் கிடைத்த கூலியோ அற்பம். கைதிகள் செய்த பொருட்களை அரசாங்கம் மேற்கு நாடுகளுக்கு விற்று அந்நியச் செலாவணி சம்பாதித்தது. வாங்கின கம்பெனிகளில் ஸ்வீடன் நாட்டு ஐகியாவும் ஒன்று.

1989-ல் பெர்லின் சுவர் திறந்தது. சிறைக்கதவும் திறந்தது. ஆனால் கூலிக்கணக்கு தீரவில்லை. இதிலே நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. கூலிக்குச் சத்தம் உண்டு

கொடுக்காமல் வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவியில் ஏறுகிறது என்று யாக்கோபு போதிக்கிறார். வேலை செய்தவன் வாயை மூடலாம். கூலியின் வாயை மூட முடியாது. முன்னாள் கைதிகளின் சங்கம் விடாமல் கேட்டது. 2012-ல் ஐகியாவே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை பெர்லினில் வெளியானது. அரசியல் கைதிகள் வேலையில் பயன்படுத்தப்பட்டது உண்மை, கம்பெனி அதிகாரிகளுக்கு அப்படி நடக்கலாம் என்பது தெரிந்தும் இருந்தது என்று அது காட்டியது. கம்பெனி வருத்தம் தெரிவித்தது.

2. நியாயம் கேட்பது மன்னியாமை அல்ல

பிலிப்பி பட்டணத்தில் பவுல், தன்னைக் காவல்பண்ணின சிறைச்சாலைக்காரனை இரட்சிப்புக்குள் நடத்தினார். கசப்பு இருந்தால் அது நடந்திருக்குமா? ஆனாலும் மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, விசாரியாமல் அடித்த அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே அழைக்கட்டும் என்றார். மன்னிப்பு இருதயத்தின் காரியம். நியாயம் உண்மையின் காரியம். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருக்கலாம்.

3. வருத்தம் மட்டும் போதாது

சகேயு "மன்னிச்சிடுங்க ஆண்டவரே" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். ஐகியாவின் ஜெர்மன் கிளை, பாதிக்கப்பட்டோருக்கான அரசு நிதிக்கு 60 லட்சம் யூரோ தருவதாக 2024-ல் அறிவித்தது. வருத்தம் தெரிவித்து 12 வருஷம் கழித்து! அதற்குள் எத்தனை பேர் முதிர்வயதாகிவிட்டார்கள்! மரித்தவர்களுக்கு அந்தப் பணம் என்ன செய்யும்? மனந்திரும்புதல் தாமதமானால், பெற வேண்டியவன் இருக்கமாட்டான்.

பிரியமானவர்களே, ஜெர்மனியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போய்விடாதிருங்கள். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்கு, கொத்தனாருக்கு, கடைப் பையனுக்கு, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறோமா? உபவாச ஜெபத்துக்கு வருமுன் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நம் சத்தத்துக்கு முன்னே அந்தக் கூலியின் சத்தம் பரலோகத்தை எட்டிவிடும்.

அநியாயமாய் உழைப்பைப் பறிகொடுத்தவர்களே, நீங்கள் நியாயம் கேட்பதைக் கர்த்தர் குற்றமாக எண்ணுகிறதில்லை. சோர்ந்துபோகாதிருங்கள். ஆமென்.