ஒலிப்பதிவும் தவணை தவறாக் கணினியும்

மூலக்கொத்தளத்துக் கானாப் பாடகர் ஒருவர் தம் வீட்டுக் கணினியிற் பாடிப் பதிவு செய்கின்றார் எனக் கொள்வோம். வினாடிக்கு 48,000 ஒலிமாதிரிகள் எடுக்குமிடத்து, 256 மாதிரி கொண்ட ஒவ்வொரு தொகுதியையும் ஏறக்குறைய 5.3 மில்லிவினாடிக்குள் கணினி முடித்தாதல் வேண்டும். அதன் கருப்பகுதியாகிய கெர்னல் பிறிதொரு வேலையிற் சிக்கித் தாமதிப்பின், பாட்டினிடையே 'பட்'டென்று வெடிப்பொலி எழும். ஈண்டு வேண்டுவது வேகமன்று, தவணை தவறாமையே. மாணாக்கர் பலர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவர்.

லினக்ஸ் கெர்னலை இதற்கிசையச் செய்யும் திருத்தத்தை 2004 முதல் இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் வளர்த்தனர். 2024இல் வெளிவந்த 6.12ஆம் பதிப்பிலேதான் அது மூலநிரலோடு சேர்ந்தது. இடைப்பட்ட இருபதாண்டும், புதுப்பதிப்புக்கேற்ப அதனைப் பொருத்தித் தொகுத்து இசைவாணர்க்கு இலவசமாய் வழங்கியவருள் ஊதியம் பெறாத தொண்டர் பலர். இன்றும் ஒலிக்கருவிதோறும் சோதனை வேண்டும். நம் மாணவர் இதிற் புக விரும்பின், பழங்கணினி ஒன்றில் அதனை நிறுவி, வெடிப்பொலிகளை எண்ணி, நிகழ்ந்த நிலைமையோடு எழுதியனுப்புதல் முதற்பணியாம் என்போம்.