கைடுக்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. எம்.சி.ஏ. முடிக்கப் போகிறாய், கணினி அறிவியலில் பிஎச்.டி. சேர எங்கெல்லாம் விண்ணப்பம் போடலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் உனக்கென்று ஒரு கேள்வியைத் தேடிக்கொள். நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள். ‘மெஷின் லேர்னிங் பிடிக்கும்’ என்பது பதிலாகாது.

நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள். சமஸ்தானக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து 1929இல் அச்சிட்டார்கள். கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது, அதன் வாசகம் புத்தகத்தில் இருக்கிறது. எழுத்தை அடையாளம் காணக் கணினியைப் பழக்கப் படமும் வேண்டும், சரியான வாசகமும் வேண்டும். எத்தனையோ ஆய்வாளர்கள் ஏங்கும் அந்த இரண்டும் உனக்குப் பஸ் போகும் தூரத்தில் கிடைக்கின்றன. சோழர் கால எழுத்தில் பழக்கிய மென்பொருள் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டைப் படிக்குமா? பொரிந்துபோன கல்லில் எவ்வளவு பிழை விடும்? இதையே நீ எடுக்க வேண்டும் என்றில்லை; ஆனால் உன் கேள்வியும் இந்த அளவுக்குக் குறுகியதாக இருக்கட்டும்.

அடுத்து கைடு. அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படித்துவிட்டு மின்னஞ்சல் எழுது. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 பேர் வரைதான் ஆய்வு செய்யலாம். இடம் காலியா என்று முதலிலேயே கேள். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

நெட், கேட் இரண்டையும் எழுது. கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கிடைக்காவிட்டாலும், 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.க்குச் சேரலாம்: தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. இதற்கு அந்த நெட் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, என்.ஐ.டி. ஆகியவற்றோடு சென்னை ஐ.ஐ.டி.க்கும் போடு. பெரிய இடம் என்று நீயே ஒதுங்காதே.

அம்மாவுக்குக் கல்யாணக் கவலை இருக்கும். பிஎச்.டி.க்குப் பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தர விதி இடம் தருகிறது. பேறுகால விடுப்பும் 240 நாள் வரை உண்டு. இந்தப் பத்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டு.

ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா